ஏழேகாலா, ஏழரையா?

போன ஞாயித்துக்கிழமையில இருந்து மனசு ஆறல. எழுதித்தான் தீத்துக்கணும்.

எங்க அண்ணன் மகன் உயர்தரம் படிக்கிறான். (நான் அத்தை. அதனால அவன் எனக்கு எப்பவும் மருமவன்தான்.) அன்னைக்குப் பின்னேரம் பண்டாரவளையில அண்ணன் வீட்டுல ஜெபக்கூட்டம். வெளியூர்ல இருந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். லாசருவை எழுப்பின கதைய நல்லாத்தான் சொன்னார். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

கூட்டம் முடிஞ்சு எல்லாருக்கும் தேத்தண்ணி குடுத்துக்கிட்டு இருக்கேன். மருமவன் ஒரு கொப்பியோட வந்து நின்னான். மூணு கலர் பேனையில எழுதியிருந்தான். மரியாதையாத்தான் கேட்டான்.

யவீரு வந்து இயேசுகிட்ட சொன்னப்போ அவர் மகள் செத்துட்டாளா, சாகக் கிடந்தாளா? மத்தேயு ஒன்னு சொல்றார், மாற்கு இன்னொன்னு சொல்றார்.

கல்லறைக்கு விடியக்காலையில போன பொம்பளைங்க எத்தனை பேர்? ஒருத்தியா, ரெண்டு பேரா, மூணு பேரா?

செத்தவங்கள்ல இருந்து முதல் முதல்ல எழும்பினது கிறிஸ்துதான்னு பவுல் சொல்றாரே, அப்ப லாசரு என்ன ஆனான்?

அவ்வளவுதான். இன்னும் ரெண்டு பக்கம் இருந்துச்சு, அதுக்குள்ள அந்த மனுசர் கையக் காட்டி நிப்பாட்டிட்டார். தம்பி, இது சந்தேகப் பிசாசு, கொப்பிய வச்சுட்டு முழங்கால்ல நில்லுன்னார்.

பையன் கொப்பிய மூடிட்டு வெளிய போயிட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கும் வரல.

எனக்கு அப்படி ஒரு கோபம். பசியோட வந்த பிள்ளைக்கு கதவச் சாத்தின மாதிரி.

ஆனா அதுக்குப் பிறகு நான் போய் இஸ்தோப்புல அவன் பக்கத்துல உக்காந்தப்போ அவன் சொன்னதும் எனக்குப் பிடிக்கல. "அத்தை, நாலு சாட்சி நாலு விதமா சொன்னா கோட்டுல கேஸ் தோத்துருச்சுன்னுதானே அர்த்தம்? அப்ப எல்லாம் பொய்."

நான் உடனே பதில் சொல்லல. எனக்கு ஞாபகம் வேற ஒரு எடத்துக்குப் போயிருச்சு. அதுக்குக் கொஞ்சம் பொறுத்து வர்றேன்.

அந்த வாரம் மூணு ராத்திரி நானும் ஒரு கொப்பிய விரிச்சு உக்காந்தேன்.

முதல் ராத்திரி எனக்கு ஒரே நோக்கம்தான். எல்லாத்தையும் ஒட்டவச்சு, தையல் தெரியாம தச்சு, பையன் கையில குடுத்துறணும்.

மொதல்ல ஆளுங்களை எண்ணினேன். இயேசுவைச் சேக்காம, இன்னாருன்னு காட்டிச் சொன்னது எட்டுப் பேர். சாறிபாத் விதவையோட மகன் (எலியா). சூனேம் ஊர் அம்மாவோட மகன் (எலிசா). எலிசாவோட எலும்பு மேல பட்டதும் எழும்பின ஒரு செத்த ஆள். நாயீன் ஊர் விதவையோட மகன். யவீருவோட மகள். லாசரு. யோப்பா பட்டணத்துத் தபீத்தாள். பவுல் பிரசங்கம் நீண்டு போகவும் தூங்கி, மூணாம் மாடி ஜன்னல்ல இருந்து விழுந்த ஐத்திகுங்கற வாலிபன்.

(எங்க பக்கத்து வீட்டு ரோமன் கத்தோலிக்க அக்கா இதைப் பாத்துட்டு, இலாசர் எங்க, யாயிர் எங்கன்னு தேடுனாங்க. அவங்க வேதத்துல பேரு அப்படி. லாசருவும் இலாசரும் ஒரே ஆள்தான்னு சொல்லவும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு. ஒரே லயத்துல இருந்துக்கிட்டு ஒரே செத்த மனுசனுக்கு ரெண்டு பேரு வச்சிருக்கோம்.)

யவீரு கதையில ரொம்ப நேரம் நின்னேன்.

மாற்கு இதை 23 வசனத்துல சொல்றார். அப்பா வந்து கால்ல விழுறார், மகள் சாகக் கிடக்கான்னு சொல்றார். ரெண்டு பேரும் போற வழியில, பன்னெண்டு வருசமா உதிரப்போக்கோட கஷ்டப்பட்ட ஒரு அம்மா குறுக்க வர்றாங்க. அங்க நேரம் சுணங்குது. அதுக்குள்ள வீட்டுல இருந்து ஆள் வந்து மகள் செத்துட்டான்னு சொல்லுது. லூக்காவும் இப்படித்தான் சொல்றார்.

அதே கதை மத்தேயுவுல 9 வசனம். வீட்டுல இருந்து ஆள் வர்றதே இல்ல. அந்த ஆளை எடுத்துட்டா, அவள் செத்தான்னு சொல்ல யார் மிச்சம்? அப்பா மட்டும்தான். அதனால அப்பா வாயிலேயே அந்தச் சொல் வந்துருது. யவீருங்கற பேர் கூட மத்தேயுவுல இல்ல, பிள்ளையோட வயசும் இல்ல. சுருக்கிச் சொன்ன கதை. நான் கடைக்குப் போயிட்டு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சுருக்கிச் சொல்றதில்லையா, அப்படி.

இந்த எடத்துல ரொம்ப சந்தோசப்பட்டேன். ஒரு தையல் போட்டாச்சு!

மாற்குல இன்னொரு சின்ன விசயம். இயேசு அந்தப் பிள்ளைகிட்ட பேசின ரெண்டு சொல்லை அவர் வீட்டுப் பாஷையான அரமேயிக்லயே அப்படியே வச்சுட்டு, கிரேக்கத்துல அர்த்தமும் சொல்றார். மத்தேயுவும் லூக்காவும் அந்தச் சொல்லை வைக்கல. யாரோ ஒருத்தர் காதுல அந்தக் குரல் அப்படியே நின்னிருக்கு. எல்லாத்தையும் சமமாத் தேச்சு இஸ்திரி போட்டிருந்தா அது நம்மகிட்ட வந்திருக்குமா?

சூனேம் கதையையும் விட முடியல. எலிசா மொதல்ல தன்னோட தடியக் குடுத்து கேயாசியை அனுப்புறார். பிள்ளை முகத்துல தடிய வைக்கிறான். ஒன்னும் நடக்கல. பெரிய தீர்க்கதரிசி அனுப்பின தடி, வேலை செய்யல, அதை மறைக்காம எழுதி வச்சிருக்காங்க. பிறகு எலிசாவே வந்து, கதவச் சாத்தி, பிள்ளை மேல குப்புறப் படுத்து, எழும்பி நடந்து, திரும்பப் படுத்து... கடைசியில பிள்ளை ஏழு தரம் தும்முறான்.

ஏழு தும்மல்! எங்க அம்மாயி, பிள்ளைங்க தும்மினா உடனே நூறுன்னு சொல்லும். ரெண்டாந்தரம் தும்மினா எறநூறு. அந்தச் சூனேம் அம்மா பக்கத்துல எங்க அம்மாயி நின்னிருந்தா எழுநூறு வரைக்கும் எண்ணியிருக்கும்.

ரெண்டாம் ராத்திரி கல்லறை.

இங்க என் ஊசி முறிஞ்சிருச்சு.

யோவான்ல மகதலேனா மரியாள் மட்டும் போறாள், இன்னும் இருட்டு. மத்தேயுவுல ரெண்டு மரியாள். மாற்குல மூணு பேர், சூரியன் உதிச்சிருச்சு. லூக்காவுல யோவன்னாளும் வேற பொம்பளைங்களும் இருக்காங்க. இதைக் கூட சமாளிக்கலாம். யோவான்ல மரியாள் ஓடிப்போய் பேசுறப்போ தனக்குத் தெரியலன்னு சொல்லாம எங்களுக்குத் தெரியலன்னுதான் சொல்றாள் (20:2). அப்ப கூட யாரோ இருந்திருக்காங்க. ஒருத்தியப் பத்தி மட்டும் சொன்னா மத்தவங்க வரலன்னு ஆகாது.

ஆனா கல்லு?

மத்தேயுவுல தூதன் இறங்கி வந்து கல்லைப் புரட்டி அது மேல உக்காந்திருக்கார், வெளிய. மாற்குல கல்லு ஏற்கனவே புரட்டிக் கிடக்கு, உள்ள வலதுபக்கம் ஒரு வாலிபன் உக்காந்திருக்கார். லூக்காவுல ரெண்டு பேர் பக்கத்துல வந்து நிக்கிறாங்க. யோவான்ல ரெண்டு தூதர், உடம்பு கிடந்த எடத்துல தலைமாட்டுல ஒருத்தர், கால்மாட்டுல ஒருத்தர். பிறகு, சீஷருங்க எங்க போகணும்? மத்தேயுவும் மாற்கும் கலிலேயான்னு சொல்றாங்க. லூக்காவுல எருசலேமை விட்டு நகரக்கூடாது.

எல்லாத்துலயும் பெரிசு இது. மாற்குல அந்தப் பொம்பளைங்க பயந்து ஓடி, யாருக்கும் ஒன்னும் சொல்லல. (16:8. அதுக்குப் பிறகு வர்ற பன்னெண்டு வசனம் நாலாம் நூற்றாண்டு கையெழுத்துப் பிரதிகளான சீனாய், வத்திக்கான் ரெண்டுலயும் கிடையாது. பழைய மாற்கு அந்தப் பயத்தோடயே நின்னுருது.) மத்தேயுவுலயும் லூக்காவுலயும் அவங்க போய்ச் சொல்லிட்டாங்க.

சொன்னாங்களா, சொல்லலையா? இதை எப்படித் தைக்கிறது? பன்னெண்டு மணி வரைக்கும் கோடு கோடாப் போட்டுப் பாத்தேன். ஒருத்தர் முதல்ல வந்தார், ஒருத்தர் பிந்தி வந்தார், தூதர் ஒருக்கா வெளிய இருந்தார் ஒருக்கா உள்ள போனார்னு... நான் எழுதினது அஞ்சாவது சுவிசேசம் ஆயிருச்சு! நாலு பேரும் சொல்லாத ஒரு கதை. பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன்.

இப்படி ஒரு ஆள் நெசமாவே செஞ்சிருக்கார். ரெண்டாம் நூற்றாண்டுல தாத்தியான்னு ஒருத்தர், சீரியாப் பக்கம். நாலு சுவிசேசத்தையும் ஒன்னாப் பின்னி ஒரே புத்தகமா ஆக்கினார், 'தியாத்தெசரோன்'னு அதுக்குப் பேரு. சீரியாச் சபைங்கள்ல ரெண்டு நூறு வருசத்துக்கு மேல அதைத்தான் வாசிச்சாங்க. எவ்வளவு வசதி! முரணே இல்ல. ஆனா அஞ்சாம் நூற்றாண்டுல தெயோதொரேத்துன்னு ஒரு பிஷப், தன் பகுதியில இருந்த அந்தப் புத்தகத்தோட பிரதிங்கள்ல 200க்கும் மேல எடுத்து ஒதுக்கிட்டு, அதுக்குப் பதிலா நாலு சுவிசேசத்தையும் தனித்தனியா திரும்ப வச்சார்.

இதை வாசிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒட்டினது கையில இருந்துச்சு, அதுக்குப் பழகியும் போயிருந்தாங்க. அதை விட்டுட்டு ஒட்டாத நாலை எடுத்துக்கிட்டாங்க. முரண் கண்ணுல படாமலா செஞ்சாங்க? தியாத்தெசரோன் வாசிச்ச சனத்துக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

இனி, அன்னைக்கு இஸ்தோப்புல என் ஞாபகம் போன எடம். மீரியபெத்த.

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. நாலஞ்சு நாளா விடாத மழை. காலையில கொஸ்லந்தைக்குப் பக்கத்துல மீரியபெத்த தோட்டத்துல மலை அப்படியே சரிஞ்சு லயங்களை மூடிருச்சு. மருமவனுக்கு அப்ப ஏழு வயசு. அவனை அம்மாவோட விட்டுட்டு, அண்ணனும் நானும் சபை ஆளுங்களோட பழைய உடுப்பு, பாண், பால்மா எல்லாம் எடுத்துட்டுப் போனோம். கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடத்துல சனத்தைத் தங்க வச்சிருந்தாங்க.

என் கையில ஒரு சீ.ஆர். கொப்பி. உடுப்புக் குடுக்க பேர் எழுதிக்கணும். யார் வீட்டுல எத்தனை பேர், யாரக் காணோம்.

அந்தக் கொப்பிய நான் இன்னும் வச்சிருக்கேன். அதுல ஒரு பக்கம் கூட ஒத்துப்போகாது.

நேரம் ஏழேகால்னு ஒருத்தர். ஏழரைன்னு ஒருத்தர். எட்டு இருக்கும்னு ஒருத்தர். யாரும் மணிக்கூடு பாக்கல. பிரட்டு (காலையில வேலைக்குப் பேர் குடுக்கிறது) முடிஞ்சு மலைக்கு ஏறின நேரம், பிள்ளைங்க பள்ளிக்கூடம் இறங்கின நேரம், அடுப்புல ரொட்டி போட்ட நேரம், இதுதான் அவங்க மணிக்கூடு. ஹெலிகொப்டர் வந்த மாதிரி சத்தம்னு ஒருத்தர். இடின்னு ஒருத்தர். சத்தமே கேக்கல, திரும்பிப் பாத்தா லயம் இல்லன்னு ஒரு அம்மா.

எண்ணிக்கையும் அப்படித்தான். முதல் நாள் இருநூறுக்கு மேல காணோம்னு செய்தி. பிறகு 192. பிறகு நூறு. கடைசியா 37ன்னு வந்து நின்னுச்சு. இடையில யாரும் பொய் சொல்லல. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருந்தாங்க. சில பேர் வேலைக்குக் கொழும்புல இருந்தாங்க. பேரேட்டுல பேர் இருக்கும், ஆள் அன்னைக்கு லயத்துல இல்ல. ஒவ்வொரு ஆளா உசிரோட வந்து நிக்க நிக்க எண்ணிக்கை குறைஞ்சுச்சு. (செத்தவங்க பட்டியல்ல இருந்து ஒரு பேரை வெட்டுறப்போ ஒரு குடும்பமே ஓன்னு கத்தும் பாருங்க, அதை நான் கேட்டிருக்கேன். லாசரு வீட்டுல மார்த்தாளும் மரியாளும் எப்படிக் கத்தியிருப்பாங்கன்னு எனக்கு ஓரளவுக்குத் தெரியும்.)

அந்த எடம் ஆபத்துன்னு 2005லயும் 2011லயும் சொல்லியிருந்தாங்க. அதைப் பத்திக் கேட்டாலும் ரெண்டு சாட்சி. சொன்னாங்கன்னு ஒரு பக்கம். போறதுக்கு எடம் எங்கன்னு இன்னொரு பக்கம். ரெண்டும் உண்மை.

இப்ப மருமவன் சொன்ன கோட்டுல என் கொப்பியக் குடுத்தா என்ன ஆகும்? நேரம் ஒத்துப்போகல, சத்தம் ஒத்துப்போகல, எண்ணிக்கை ஒத்துப்போகல. அப்ப மலை சரியல?

மலை சரிஞ்சுச்சு. நான் அந்தச் சேத்தைக் கண்ணால பாத்தேன். பெக்கோ ஒரு பக்கம் தோண்டத் தோண்ட, மழை மறுபக்கம் நிரப்பிக்கிட்டு இருந்துச்சு.

இதை மூணாம் நாள் காலையில அவன்கிட்ட சொன்னேன். கவனமாக் கேட்டான். ஆனா அவன் லேசுல விடுற ஆள் இல்ல.

"அத்தை, மலை சரிஞ்சதுக்கு மண்ணு இருக்கு. செத்தவன் எழும்பினதுக்கு என்ன இருக்கு? சாட்சி வேற வேற மாதிரி சொன்னா பொய் இல்லன்னு நீங்க சொல்றது சரி. அதுக்காக அது நடந்துச்சுன்னு ஆயிராதே."

சரிதான். அதை நான் மறுக்கல. என் கொப்பி உயிர்த்தெழுதலை நிரூபிக்காது. நான் நம்புறேன், அவன் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான். ஒத்துப்போகலன்னா பொய்ங்கற ஒரு கதவை மட்டும்தான் நான் தொறந்து விட்டேன். அதுக்கு மேல அவன்தான் நடக்கணும்.

பிறகு அவனோட பெரிய கேள்வி. கிறிஸ்து முதல்னா லாசரு?

இது சுருக்கிச் சொன்னதால வந்த முரண் இல்ல. அப்போஸ்தலர் 26லயும் 1 கொரிந்தியர் 15லயும் கிறிஸ்துதான் முதல்னு இருக்கு. யோபு 7ல பாதாளத்துக்கு இறங்கினவன் ஏறி வர்றதே இல்லன்னு இருக்கு. எபிரெயர் 9ல மனுசனுக்கு ஒருதரம்தான் சாவு. அப்ப லாசரு ரெண்டு தரம் செத்தானா?

ஆமா, செத்தான். வழக்கமாச் சொல்ற பதில் அதுதான், நானும் அதைத்தான் ஏத்துக்கிறேன். எட்டுப் பேரும் திரும்பி வந்து, வயசாகி, திரும்பச் செத்தவங்க. கிறிஸ்து இனிச் சாகமாட்டார்னு ரோமர் 6ல இருக்கு. அந்த மாதிரி எழும்பினதுல அவர் முதல். பையனுக்கு இது பாதிதான் ஒத்துக்கிட்டுச்சு. யோபு சொன்னது? அது துக்கத்துல இருந்த மனுசன் சொன்னது, பத்துப் பிள்ளையையும் ஒரே நாள்ல பறிகுடுத்தவன் வேற எப்படிப் பேசுவான்னேன். அதுக்கு அவன் ஒன்னும் சொல்லல.

இதுல ஒரு சொல் விசயம் இருக்கு. நம்ம ஊர்ல எழும்புன்னா தூக்கத்துல இருந்து எழும்புறதுதான். எங்க அம்மா காலத்துல விடியக்காலை பிரட்டுத் தப்பு அடிச்சதும் லயம் முழுக்க அந்தச் சொல்தான் கேக்குமாம். கிரேக்கத்துலயும் தூக்கத்துல இருந்து எழுப்புறதுக்கும் சாவுல இருந்து எழுப்புறதுக்கும் ஒரே சொல்தான். யவீரு வீட்டுல இயேசு பிள்ளை தூங்குறாள்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. மூணு சுவிசேசத்துலயும் அந்தச் சிரிப்பு இருக்கு. ஐத்திகு கதையிலயும் செத்துக் கிடந்தான்னு எழுதினவர் சொல்றார், உசிர் இருக்குன்னு பவுல் சொல்றார், ஒரே பத்திக்குள்ள! அங்க தூக்கமும் சாவும் ஒரே காம்பராவுல இருக்கு, நடுவுல சுவர் இல்ல.

(அம்மாயி தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்து நடக்கும். சிவன் காமனை எரிப்பார், ரதி அழுவாள், கடைசியில காமன் எழும்புவான். எழும்பினவன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். எங்க தோட்டத்துல ஒரு மாதிரி பாடுவாங்க, பக்கத்துத் தோட்டத்துல வேற மாதிரி. பாட்டு மாறிருச்சுன்னு தப்பு அடிக்கிறவங்க ரெண்டு பேர் சண்டை போட்டு நான் பாத்ததில்ல. இதைச் சொன்னா மருமவன், அது கூத்துன்னு சொல்லியே ஆடுறாங்க அத்தை, இது நடந்ததுன்னு சொல்றாங்கங்கறான். அதுவும் சரிதான்.)

என்னை உண்மையிலேயே உலுக்கினது மத்தேயு 27. இதை அவன் கொப்பியில நாலாம் பக்கத்துல வச்சிருந்தான். இயேசு உசிர் விட்டதும் பூமி அதிருது, பாறை பிளக்குது, கல்லறைங்க தொறக்குது, பரிசுத்தவான்கள் நிறையப் பேர் எழும்புறாங்க. அவர் எழும்பினதுக்குப் பிறகு அவங்க எருசலேமுக்குள்ள போய் நிறையப் பேர் கண்ணுக்குத் தெரியிறாங்க. மாற்கு இதைச் சொல்லல. லூக்காவும் யோவானும் சொல்லல. ஊர் முழுக்கப் பாத்த ஒரு விசயத்தை மூணு பேர் ஏன் விட்டாங்க?

என்கிட்ட பதில் இல்ல. எத்தனையோ விளக்கம் வாசிச்சேன், ஒன்னும் எனக்கு உக்காரல. இதைத் தைக்கமாட்டேன், அப்படியே கிடக்கட்டும்னு மருமவன்கிட்டயே சொல்லிட்டேன்.

ஆனா ஒன்னு. 2015 பெரிய வெள்ளியன்னைக்கு ஆராதனையில இதைத்தான் வாசிச்சாங்க. மீரியபெத்த நடந்து அஞ்சு மாசம். பூமி பிளந்து செத்தவங்களை வெளிய விட்டுச்சாம். எங்க மண்ணு பிளந்து உசிரோட இருந்தவங்களை உள்ள எடுத்துருச்சு. பாதிக்கு மேலானவங்க உடம்பு கூடக் கிடைக்கல. வாசிக்கிறவர் குரல் அந்த எடத்துல நின்னுருச்சு. யாரும் திரும்பிப் பாக்கல, எல்லாரும் கீழ பாத்துக்கிட்டு இருந்தோம்.

அதனாலதான் எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம். கேள்வியப் பிசாசுன்னு சொன்னவர் மேலயும், எல்லாம் பொய்னு ஒரே வெட்டா வெட்டினவன் மேலயும். எழுப்பின கதைய எங்க சனம் பரீட்சைத் தாள் மாதிரிக் கேக்கல. ஏன் அந்தப் பிள்ளை, ஏன் எங்க பிள்ளை இல்லன்னு கேட்டுக்கிட்டுத்தான் கேக்குது.

மூணாம் ராத்திரி முரணைத் தேடுறதை விட்டுட்டு, எட்டுக் கதையையும் சும்மா வாசிச்சேன். அப்பதான் இது கண்ணுல பட்டுச்சு.

எலியா பிள்ளையத் தூக்கிட்டு மேல் வீட்டுல இருந்து இறங்கி வந்து அம்மா கையில குடுக்கிறார். எலிசா அந்த அம்மாவைக் கூப்பிட்டு உன் மகனை எடுத்துக்கன்னு விடுறார். நாயீன்ல பாடையத் தொட்டு எழுப்பின பையனை அவன் அம்மாகிட்ட ஒப்படைக்கிறார். தபீத்தாளை பேதுரு கையப் பிடிச்சுத் தூக்கி, அவள் தச்சுக் குடுத்த உடுப்புங்களைக் காட்டி அழுத விதவைங்க முன்னால நிறுத்துறார். லாசருவோட கட்டை அவுத்து விடச் சொல்றார். யவீரு மகளுக்கு என்ன சொல்றார் தெரியுமா? சாப்பிட ஏதாவது குடுங்கன்னு.

யாரு முதல், எத்தனை தூதர், எத்தனை மணின்னு ஒத்துப்போகாத கதைங்க, இதுல மட்டும் கிட்டத்தட்ட ஒரே குரல். ஆளை யார்கிட்டயாவது ஒப்படைச்சுத்தான் கதை முடியுது.

அம்மாயி சொன்ன அப்பூதியடிகள் கதையும் இதுதான். அப்பருக்கு இலை போட வாழையிலை அறுக்கப் போன மூத்த பிள்ளையப் பாம்பு கடிச்சிருது. விருந்து கெட்டுப்போயிரும்னு பெத்தவங்க மறைக்கிறாங்க. அப்பர் கண்டுபிடிச்சு, பிள்ளைய எழுப்பி, பிறகு எல்லாருமா உக்காந்து சாப்பிடுறாங்க. அங்கயும் சோறு! வேற சாமி, வேற ஊர், ஆனா எழும்பின பிள்ளை பந்திக்குத்தான் வருது.

மீரியபெத்தையில ஒப்படைக்க உடம்பு இல்ல. அந்தத் துக்கத்தோட ஓட்டை அதுதான்.

அந்தச் சனிக்கிழமை மருமவனைக் கூட்டிட்டு மாக்கல்தெனியவுக்குப் போனேன். தப்பிச்ச சனத்துக்கு 2016ல அங்க 75 வீடு கட்டிக் குடுத்தாங்க. அதுவரைக்கும் ரெண்டு வருசம் அங்க ஒரு பழைய தேயிலை இஸ்டோருக்குள்ள தட்டி வச்சு மறைச்சு வாழ்ந்தாங்க. எங்க அம்மாவோட அக்கா அங்கதான் இருக்காங்க, ஏழு பேர்ச் காணிக்குள்ள ஒரு வீடு, முன்னால ரெண்டு செவ்வந்திச் செடி.

பெரியம்மா அன்னைக்கு மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க லயம் தப்பிச்சுச்சு, பக்கத்து லயம் போயிருச்சு. மூணு வருசம் அதைப் பத்தி யாருக்கும் ஒரு சொல் சொல்லல. நாங்க கேட்டா எழும்பி அடுப்படிக்குப் போயிருவாங்க. பிறகு ஒரு நாள், எங்க அம்மா செத்த வீட்டுல, யாரும் கேக்காம தானாச் சொன்னாங்க. அதுக்குப் பிறகு வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்றாங்க. (மாற்குல சொல்லலன்னும் மத்தேயுவுல சொன்னாங்கன்னும் இருக்கே, அந்தப் பொம்பளைங்களை நினைக்கிறப்போ எனக்கு இவங்க முகம்தான் வருது. இது விளக்கம் இல்ல. முகம்தான்.)

மருமவன் கொப்பியோடதான் வந்திருந்தான். பெரியம்மாகிட்ட, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டான்.

சொன்னாங்க. பிரட்டு முடிஞ்சு ஏறி ஒரு கூடை நிறையல, ஏழேகால் இருக்கும். முதல்ல கீழ பனி மாதிரி புழுதி எழும்புச்சு, அப்புறம்தான் சத்தம்.

என்கிட்ட அவங்க சொன்னது ஏழரை. முதல்ல சத்தம், அப்புறம்தான் திரும்பிப் பாத்தது. இவனும் அதை நான் சொல்லி எத்தனையோ தரம் கேட்டவன்.

பையன் என்னைப் பாத்தான். பேனை கையில இருந்துச்சு. நான் ஒன்னும் சொல்லல.

அவன் பெரியம்மா பக்கம் திரும்பி, "பொறகு?"ன்னான்.

பக்கத்து லயத்துல யார் யார் இருந்தாங்கன்னு அவங்க ஒவ்வொரு காம்பராவாச் சொல்ல ஆரம்பிச்சாங்க. கோடிக் காம்பராவுல இருந்து. யாரு என்ன உடுத்தியிருந்தாங்க, யாருக்குக் காய்ச்சல், யாரு கடன் வாங்கின சீனிய இன்னும் திருப்பித் தரல. வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு. லைட்டப் போட யாருக்கும் தோணல.

நடுவுல சட்டுன்னு நிப்பாட்டி, பையன் முகத்தைப் பாத்தாங்க.

"பிள்ளை காலையில இருந்து ஒன்னும் சாப்பிடலையே"ன்னு சொல்லி, ரொட்டி போட எழும்பிப் போனாங்க.